முனைவர் பேத்திக்கு மூத்த கிழவன் சொல்லுதது

ஏட்டி, பலகை நல்லாத்தான் இருக்கு. கருப்புக் கிரானைட்டு, தங்க எழுத்து. தெருவிளக்கு எரியாத ராத்திரியிலயும் படிக்கலாம். முதல்ல "டாக்டர்"னு ஒரு சாண் எழுத்து. அதுக்குக் கீழ அரைச் சாணுக்கு ஒன் பேரு. அதுக்கும் கீழ எம்.எஸ்சி., எம்.எட்., எம்.ஃபில்., பி.எச்.டி.ன்னு கண்ணாடி போட்டுப் பாக்க வேண்டிய எழுத்து. இத்தனையும் எழுதினதுல வீட்டு நம்பருக்கு இடமில்லாமப் போச்சு. தபால்காரன் தேடிட்டு இருக்கான்.

பலகை மாட்டின கையோட கீழத்தெருக் கிழவி முட்டுவலின்னு வந்தாள்லா? "நான் அந்த டாக்டர் இல்ல பாட்டி, கல்வியில டாக்டர்"ன்ன நீ. அவ விடுவாளா? "கல்விக்கு என்ன நோவு தாயி?"ன்னு கேட்டுட்டு முட்டைத் தேய்ச்சிக்கிட்டே போயிட்டா. நீ வாயைத் தொறக்கலை. எனக்குத் தெரிஞ்சு ஒன் வாய்மொழித் தேர்வுல கூட இவ்வளவு கஷ்டமான கேள்வியை எவனும் கேட்டிருக்க மாட்டான்.

நான் அஞ்சாங்கிளாஸு. அதுலயும் முழுப் பரீட்சை எழுதலை, அன்னைக்குக் கம்பு அறுப்பு. ஆனா நம்ம ஊர் நூலகம் தொறந்ததும் உள்ள போற மொத ஆளு நான்தான். பேப்பர்ல விளம்பரத்தைக் கூட மிச்சம் வைக்கிறதில்ல. அதனால ஒனக்கு நாலு புத்தி சொல்ல எனக்குத் தகுதி உண்டு. தகுதி இல்லைன்னாலும் சொல்லத்தான் செய்வேன். கிழவன் புத்தி சொல்லுததுக்கு யு.ஜி.சி. இன்னும் விதி போடலை.

முதல்ல ஒண்ணை ஒத்துக்கிடுதேன். ஒன் பட்டம் ஓசியில வந்ததில்ல. யு.ஜி.சி. 2022-ல போட்ட விதிப்படி குறைஞ்சது 3 வருஷம், கூடிப் போனா 6 வருஷம். பொம்பளைகளுக்கு அதுக்கு மேல 2 வருஷம் சலுகை வேற தாராங்க. பொம்பளைக்கு எதுக்குக் கூட 2 வருஷம்னு எவனும் விளக்கம் கேக்க மாட்டான். சோறு பொங்கி, பிள்ளையைக் கிளப்பி, மாமியாருக்கு மாத்திரை கொடுத்துட்டு மிச்சம் இருக்குத நேரத்துல ஆராய்ச்சி பண்ணணும்னு அரசாங்கத்துக்கே தெரிஞ்சிருக்கு. அதைக் கண்டுபிடிக்க எவனும் கேள்வித்தாள் கொடுக்கலை.

ஒன் ஆராய்ச்சியையும் நான் படிச்சேன். படிச்சேன்னா, ஒன் தம்பி மவனை வச்சு வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோட கணக்குப் பயம். பள்ளிக்கூடம் பள்ளிக்கூடமாப் போயி "எப்போதும், சில நேரம், ஒருபோதும் இல்லை"ன்னு மூணு கட்டம் போட்ட தாளைக் கொடுத்திருக்க. கணக்குக்குப் பயந்த பிள்ளை கேள்வித்தாளுக்கும் பயந்து, நடுக் கட்டத்துல டிக் அடிச்சிட்டு விளையாடப் போயிருக்கும். அதையெல்லாம் கம்ப்யூட்டர்ல ஏத்தி, டி-டெஸ்ட்டுன்னு ஒண்ணைப் பண்ணி, ஆம்பளப் பிள்ளைகளுக்கும் பொம்பளப் பிள்ளைகளுக்கும் நடுவுல "குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை"ன்னு முடிச்சிருக்க. நம்ம நாட்டுல கல்வியியல் ஆராய்ச்சின்னு எந்தப் புஸ்தகத்தைத் தொறந்தாலும் இந்த வரி எங்கயாவது ஒரு பக்கத்துல படுத்துக் கிடக்கும்னு லைப்ரேரியன் சொன்னார். நான் சிரிச்சேன். அப்புறம் ஒன் கொழுந்தன் மவன் கல்யாணப் பத்திரிகையை எடுத்துப் பாத்தேன். ஒன் மாப்பிள்ளை பேரு தடிச்ச எழுத்துல இருந்துச்சு, பக்கத்துல "மற்றும் குடும்பத்தினர்"னு போட்டிருந்தான். பி.எச்.டி. வாங்கின நீ அந்தக் "குடும்பத்தினர்"க்குள்ள இருக்க. குறிப்பிடத்தக்க வேறுபாடு அங்கன இருந்திருக்கு தாயி. நீதான் ஆராய்ச்சியில சேக்காம விட்டுட்ட.

வாய்மொழித் தேர்வு அன்னைக்கு வந்த பெரிய மனுசங்களுக்கு மட்டன் பிரியாணி யார் செலவு, நெறியாளர் வீட்டு கேஸ் புக்கை யார் தூக்கிட்டு அலைஞ்சது, இதெல்லாம் "நன்றியுரை"ங்கிற ஒரு பக்கத்துல அடங்கிப் போச்சு. ஆக, பாடுபட்டு வாங்கின பட்டம். பேருக்கு முன்னால போடு. போடாதேன்னு சொல்ல எனக்கும் உரிமை இல்ல, வேற எவனுக்கும் இல்ல. எங்கன போடணும், எங்கன சுருட்டி வைக்கணும், போட்டுக்கிட்ட பிறகு எப்படி நடக்கணும், இதைச் சொல்லத்தான் ஒன்னைக் கூப்பிட்டேன்.

ஊசி போடுதவங்கதான் டாக்டர், மத்தவன்லாம் போலின்னு டீக்கடையில ஒருத்தன் சொன்னானாம். நீ மூஞ்சியைத் தூக்கி வச்சிட்டு வந்தியாம். எதுக்கு? அவன்ட்ட ரெண்டு சங்கதியைக் கேட்டிருக்கலாம்லா. எம்.பி.பி.எஸ்.ங்கிறது இளநிலைப் பட்டம். நம்ம கெவர்மெண்டு ஆஸ்பத்திரி டாக்டர் பேருக்கு முன்னால இருக்குதது வழக்கத்துல வந்த மரியாதை. அந்த மரியாதை அவருக்குத் தகும், ராத்திரி ரெண்டு மணிக்கு எழும்பி வாரவர், நான் குறை சொல்லலை. ஆனா இந்த வழக்கம் எங்கேருந்து வந்துச்சோ அந்த இங்கிலாந்துல கூத்தைப் பாரு. அங்கன வயித்தைக் கிழிச்சு ஆபரேஷன் பண்ணுத சர்ஜன் "டாக்டர்" கிடையாது, "மிஸ்டர்". சர்ஜன் பரீட்சையில தேறினதும் டாக்டரைக் கழட்டி வச்சிட்டு மிஸ்டராயிடுதான். அந்தக் காலத்துல மருந்து கொடுக்குதவன் காலேஜுல படிச்ச டாக்டர். அறுக்குதவன் சவரம் பண்ணுதவங்களோட ஒரே சங்கத்துல இருந்தான். 1745-லதான் லண்டன்ல ரெண்டு பேரும் பிரிஞ்சாங்க. அன்னைக்கு இளக்காரமா வச்ச "மிஸ்டர்"ஐ இன்னைக்குப் பெருமையாச் சுமக்காங்க. அவங்களுக்கு மிஸ்டர்னா கௌரவம், ஒனக்கு டீச்சர்னா கேவலம். இதை நெஞ்சுல வச்சுக்கோ, பின்னால வாரேன்.

நம்ம நாட்டுலயும் 2025 செப்டம்பர்ல ஒரு கூத்து நடந்துச்சு. பிசியோதெரபி பாக்குதவங்க டாக்டர்னு போடக் கூடாதுன்னு டெல்லியிலேருந்து சுகாதாரத் துறை இயக்குநரகம் ஒரு கடுதாசி போட்டுச்சு. மறுநாளே அதை நிறுத்தி வச்சிட்டு. அதுக்கு முன்னாலயே, முன்னால டாக்டர்னு போட்டா பின்னால "பி.டி."ன்னு சேத்துப் போடுங்கன்னு அவுக பாடத்திட்டத்துல ஒரு வழி சொல்லியிருந்தாங்க. எனக்கு அந்த வழி பிடிச்சிருக்கு. முன்னால என்ன வேணும்னாலும் போட்டுக்கோ, எதுல டாக்டர்னு பின்னால சொல்லிரு. நோவு வந்தவன் ஒன் பலகையைப் பாத்து ஏமாறக் கூடாது, அவ்வளவுதான். அதுக்காகத்தான் சொல்லுதேன், தமிழ்ல எழுதும்போது "முனைவர்"னு போட்டிரு. அதைப் பாத்து எந்தக் கிழவியும் முட்டைக் காட்ட மாட்டா. ஆனா முனைவர்னு போட்டா கல்யாண வீட்டுல முன் வரிசையில உக்கார வைக்க மாட்டாங்களேன்னு நீ யோசிக்க. தெரியும்டி எனக்கு.

இப்ப அமெரிக்காவுக்குப் போவோம். பயப்படாதே, நடந்துதான். ஜில் பைடன்னு ஒரு அம்மா. புருசன் அப்ப செனட்டர், பின்னால ஜனாதிபதி. இந்த அம்மா வாத்தியார். 2007-ல, 55 வயசுல, டெலவேர் பல்கலைக்கழகத்துல கல்வியில டாக்டர் பட்டம் வாங்கினாங்க. எட்.டி.ன்னு அங்கன அதுக்குப் பேரு, பள்ளிக்கூடம் காலேஜுல வேலை பாக்குதவங்களுக்குன்னே வச்சிருக்குத பட்டம். கம்யூனிட்டி காலேஜுல சேந்த பிள்ளைக ஏன் பாதியில நின்னு போகுதுக, நிக்காம இருக்க என்ன செய்யணும்னு ஆராய்ச்சி. இவுக எதுக்கு டாக்டர் பட்டத்துக்குப் படிச்சாங்கன்னு புருசன்காரரே ஒரு பத்திரிகைக்குச் சொன்னார். வீட்டுக்கு வார கடுதாசியெல்லாம் "செனட்டர், திருமதி பைடன்"னே வந்துச்சாம். அலுத்துப் போச்சாம். கவர்ல தனக்கும் ஒரு பட்டம் வரணும்னு ஆசைப்பட்டாங்களாம். பாத்தியா, நம்ம கல்யாணப் பத்திரிகை வெள்ளை மாளிகைக்காரங்க வீட்டுலயும் இருக்கு.

2020 டிசம்பர்ல, புருசன் தேர்தல்ல ஜெயிச்ச கையோட, ஜோசப் எப்ஸ்டீன்னு ஒரு எழுத்தாளர் வால் ஸ்ட்ரீட் ஜர்னல்ல ஒரு கட்டுரை எழுதினார். பேப்பர்ல நாறிப் போச்சே, அந்த எப்ஸ்டீன் இல்ல, இவர் வேற. அப்ப வயசு 83. அந்த அம்மாவைச் செல்லமா "சின்னக்குட்டி"ங்கிற தினுசுல கூப்பிட்டு, பேருக்கு முன்னால இருக்குத டாக்டரைக் கழட்டிருன்னு புத்தி சொன்னார். பிள்ளைப் பேறு பாக்காத எவனும் தன்னை டாக்டர்னு சொல்லிக்கப்படாதுன்னு ஒரு ஞானி சொன்னதா வேற எழுதினார். அந்தக் கணக்குக்கு வந்தா நம்ம ஊர்ல செத்துப் போன மருத்துவச்சிதான் துணைவேந்தரா இருந்திருக்கணும். பாதி ஊரு அவ கையிலதான் விழுந்துச்சு, நானும் சேத்தி.

சரி, சொன்னவர் என்ன படிச்சிருக்கார்னு பாத்தா பி.ஏ. அதை அவரே அதே கட்டுரையில ஒத்துக்கிட்டார். அந்தப் பி.ஏ.வை வச்சுக்கிட்டு பல்கலைக்கழகத்துல ரொம்ப காலம் பாடம் நடத்தியிருக்கார். அதுல தப்பில்ல. கௌரவ டாக்டர் பட்டமும் ஒண்ணு வச்சிருக்கார். ஓசியில வாங்கினவர், உழைச்சு வாங்கினவுகளைப் பாத்துக் கழட்டச் சொல்லுதார். ஊரே கொதிச்சிட்டு. அவர் பாடம் நடத்தின பல்கலைக்கழகமே இந்தப் பேச்சு எங்களுக்குச் சம்மதமில்லைன்னு கை கழுவிட்டு.

நீ கேப்ப: "தாத்தா, அவர் சின்னக்குட்டின்னார், நீரு ஏட்டிங்கீரு, ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்?"னு. நான் ஒன் மூக்கைத் துடைச்சு விட்டவன். பட்டத்தைக் கழட்டுன்னு சொல்லலை, பலகையைத் துடைச்சு வைன்னுதான் சொல்லுதேன். குறிப்பிடத்தக்க வேறுபாடு இருக்கு.

அந்தக் கதையில எனக்குப் பிடிச்சது சண்டை இல்ல, அதுக்குப் பின்னால நடந்தது. அந்த அம்மா பதிலுக்கு ஏசிக்கிட்டு அலையலை. வெள்ளை மாளிகைக்குக் குடி வந்த பிறகும் வர்ஜீனியா மாகாணத்துல ஒரு கம்யூனிட்டி காலேஜுல இங்கிலீசு பாடம் நடத்தப் போனாங்க. நாட்டோட முதல் சீமாட்டி, பையைத் தூக்கிட்டுப் போயி பிள்ளைகளோட கட்டுரைத் தாளைத் திருத்தியிருக்காங்க. 2024 டிசம்பர் வரைக்கும் போனாங்க. டாக்டர்னு போட்டுக்கிட்டவுக டீச்சர் வேலையை விடலை. இதையும் நெஞ்சுல வச்சுக்கோ. ரெண்டாயிட்டு.

அமெரிக்காவுல இந்தக் கல்வி டாக்டருங்க எங்கெங்கயோ முளைச்சிருக்காங்க. ரூத் வெஸ்ட்ஹைமர்னு ஒரு குள்ளக் கிழவி, "டாக்டர் ரூத்"துன்னாத்தான் ஊருக்குத் தெரியும். 1970-ல கொலம்பியாவோட ஆசிரியர் கல்லூரியில எட்.டி. வாங்கினவுக. 1980-லேருந்து ராத்திரி ரேடியோவுல ஆலோசனை சொன்னாங்க. என்ன ஆலோசனைன்னு ஒன்ட்ட நான் சொல்ல மாட்டேன், ஒன் மாப்பிள்ளையை வேணும்னா அனுப்பு. நாடே அவுகளை ஊசி போடுத டாக்டர் கணக்கா நம்பிக் கேட்டுச்சு. ஆனா அவுக பண்ணினது பாடம் நடத்துனதுதான், வெக்கப்படாம, சிரிக்கச் சிரிக்க. இன்னொருத்தன் ஷகீல் ஓ'நீல், 7 அடி உயர கூடைப்பந்து ஆட்டக்காரன். 2012-ல பேரி பல்கலைக்கழகத்துல எட்.டி. வாங்கினான். தலைமை தாங்குதவன் சிரிப்புக் காட்டணுமா, அதட்டணுமாங்கிறதுதான் ஆராய்ச்சி. அவன் டாக்டர்னு சொன்னா எதிர்த்து எவன் பேசுவான்? அவ்வளவு உயரம் ஒனக்கு இல்ல. அதனால நீ வேற வழி பாக்கணும்.

இப்ப ஜெர்மனி. அங்கன இந்தப் பட்டத்துக்கு மரியாதை ரொம்ப. பாஸ்போர்ட்டுலயே போட்டுக்கிடலாம். வாங்காதவன் போட்டுக்கிட்டா குற்றவியல் சட்டத்துல 132ஏன்னு ஒரு பிரிவு, ஒரு வருஷம் வரைக்கும் ஜெயில். அன்னெட்டே ஷாவான்னு ஒரு அம்மா அங்கன மத்திய கல்வி மந்திரியா இருந்தவுக. அவுக டாக்டர் பட்டமும் ஒன்னுதைப் போலக் கல்வியியல்தான், 1980-ல டுசல்டார்ஃப் பல்கலைக்கழகத்துல வாங்கினது. தலைப்பு என்னன்னு கேளு: மனுசனும் மனசாட்சியும். 2011-ல பாதுகாப்பு மந்திரி ஒருத்தர், கூட்டன்பெர்க்குன்னு பேரு, அடுத்தவன் எழுதினதை அள்ளிப் போட்டு டாக்டரானது வெளிய வந்து பதவி போச்சு. அப்ப இந்த அம்மா, தானும் டாக்டர் பட்டம் வாங்கினவங்கிற முறையில வெட்கமா இருக்குன்னு பத்திரிகையில சொன்னாங்க. சொன்ன வாய் மூடல, இவுக ஆராய்ச்சியையும் ஒருத்தன் இணையத்துல பக்கம் பக்கமாப் பிரிச்சுக் காயப்போட்டுட்டான். 2013 பிப்ரவரியில பல்கலைக்கழகம் பட்டத்தைப் பிடுங்கிட்டு. நாலாவது நாள் மந்திரி பதவியும் போச்சு. வேணும்னு செய்யலைன்னு கோர்ட்டுக்குப் போனாங்க, கோர்ட்டும் கைவிட்டுட்டு. அப்புறம் வாடிகனுக்குத் தூதரா அனுப்பினாங்க. மனசாட்சியை ஆராய அதைவிடத் தோதான ஊரு ஏது?

நம்ம ஊர்ல இவ்வளவு ரோஷம் கிடையாது. யு.ஜி.சி. 2018-ல ஒரு விதி போட்டுச்சு. அடுத்தவன் எழுத்து 10 சதவீதம் வரைக்கும் கலந்திருந்தா தண்டனை இல்ல, 40 வரைக்கும் போனா திருத்திட்டு வா, 60-ஐத் தாண்டினா பதிவே ரத்து. நம்ம பால்காரன் கணக்கு இது; கொஞ்சம் தண்ணி கலந்தா பாலுதான், பாதிக்கு மேல போனாத்தான் கேள்வி. நீ கலக்கலைன்னு எனக்குத் தெரியும். ராத்திரி ராத்திரியா உக்காந்து ஒன் கையால எழுதினதை நான் பாத்திருக்கேன். ஆனா பலகை எவ்வளவு பெருசோ, ஆராய்ச்சியைத் தொறந்து பாக்க வாரவனும் அவ்வளவு பேரு. அதுக்குத் தயாரா இரு.

நம்ம ஊர் டாக்டர்களைப் பத்தியும் சொல்லணும். அரசியல் சட்டம் 18-வது பிரிவுல அரசாங்கம் எவனுக்கும் பட்டம் கொடுக்கப்படாதுன்னு எழுதி வச்சிட்டு, ராணுவத்துக்கும் கல்விக்கும் மட்டும் கதவைத் தொறந்து விட்டாங்க. ராவ் பகதூர், திவான் பகதூரெல்லாம் ஒழிஞ்சுது. அந்தக் கூட்டம் பூராவும் தொறந்திருந்த கல்விக் கதவு வழியா உள்ள வந்துட்டு. போஸ்டர்ல டாக்டர் இல்லாத தலைவரை நீ பாத்திருக்கியா? கலைஞருக்கு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1971-ல கொடுத்துச்சு. அப்புறம் வந்த தலைவருங்களும் குறை வைக்கலை. பட்டம் கொடுக்கப் பல்கலைக்கழகங்களுக்குத்தான் உரிமைன்னு 1956-லயே யு.ஜி.சி. சட்டம் சொல்லிட்டு. ஆனாலும் 2023-ல சென்னையில ஒரு அமைப்பு அண்ணா பல்கலைக்கழக வளாகத்துல ஒரு அரங்கைப் பிடிச்சு, சினிமாக்காரங்களுக்கெல்லாம் கௌரவ டாக்டர் பட்டத்தை வாரி வழங்கிட்டு. எங்களுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு பல்கலைக்கழகம் போலீசுக்கு ஓடுச்சு. பட்டத்தைக் கொடுத்தவன் யாருன்னு வாங்கினவங்களுக்கே தெரியலை. அங்கி போட்டு, தொப்பி மாட்டி, போட்டோ மட்டும் நல்லா விழுந்துச்சு.

இந்தக் கூட்டத்துக்கு நடுவுல ரெண்டு பேரை நினைச்சுப் பாரு. உ.வே.சாமிநாதையர், காலேஜுல படிச்சுப் பட்டம் வாங்கினவரில்ல. வண்டி கட்டி ஊர் ஊராப் போயி கறையான் தின்ன மிச்ச ஏட்டைப் பொறுக்கி, 1887-ல சீவக சிந்தாமணியை அச்சுல கொண்டு வந்தவர். சென்னைப் பல்கலைக்கழகம் கௌரவ டாக்டர் பட்டம் கொடுத்தது 1932-ல, அவருக்கு 77 வயசுல. பெசன்ட் நகர்ல அவர் பேருல இருக்குத நூல் நிலையத்துப் பலகையில "டாக்டர்" இருக்கு. சனங்க வாயில "தமிழ்த் தாத்தா"தான் இருக்கு. இன்னொருத்தர் மு.வ. தாலுகா ஆபீசுல எழுத்தரா இருந்து, பள்ளிக்கூடத்துல தமிழ் வாத்தியாரா இருந்து, 1948-ல சங்க இலக்கியத்துல இயற்கையைப் பத்தி ஆராய்ச்சி பண்ணி, உழைச்சு வாங்கினார் டாக்டரை. புஸ்தகத்து அட்டையில போட்டுக்கிட்டார். போடத்தான் செய்யணும். ஆனா அவர்ட்டப் படிச்சவங்க யாரும் அவரை ஒரு பட்டமா நினைக்கலை, வாத்தியாராத்தான் நினைச்சாங்க. ஏன், செப்டம்பர் 5-ல ஆசிரியர் தினம் கொண்டாடுதோமே, அந்த ராதாகிருஷ்ணனே பரீட்சை எழுதி வாங்கினது எம்.ஏ.தான். டாக்டரெல்லாம் ஊர் ஊராக் கூப்பிட்டுக் கொடுத்தது. அவர் பிறந்த நாளுக்கு "டாக்டர்கள் தினம்"னு எவனும் பேரு வைக்கலை பாரு.

இப்பத்தான் நெஞ்சுல வச்சுக்கச் சொன்னதை எடுக்கப் போறேன். பள்ளிக்கூடத்துல ஆறாம் வகுப்புப் பய ஒருத்தன் ஒன்னை "டீச்சர்"னு கூப்பிட்டானாம். "டாக்டர்னு கூப்பிடு"ன்னு திருப்பி அனுப்பிட்டியாம். அவன் எதுக்கு வந்தான்னாவது கேட்டியா? பின்னத்துல ஒரு கணக்கு புரியலைன்னு வந்திருக்கான். இப்ப அவனுக்குப் பின்னமும் புரியலை, நீயும் புரியலை. கணக்குப் பயத்தை ஆராஞ்சு டாக்டரானவ, ஒரு பயலுக்குக் கணக்குப் பயத்தைக் கூட்டி விட்டிருக்க. இதை யாராவது ஆராய்ச்சி பண்ணினா, டி-டெஸ்ட்டு இல்லாமலே வேறுபாடு தெரியும்.

ஒனக்குப் பட்டம் கொடுத்தது எதுக்குடி? நெஞ்சைப் பிளந்ததுக்கா, ராக்கெட் விட்டதுக்கா? சொல்லிக் கொடுக்குதது எப்படின்னு தெரிஞ்சதுக்கு. அந்தப் பட்டத்தை வாங்கிட்டு "டீச்சர்"ன்னா மூக்கு சுருங்குதுன்னா, ஒன் படிப்பு மேல ஒனக்கே மரியாதை இல்லைன்னு அர்த்தம். பல்லு டாக்டர் பல்லைப் பாக்க அருவருத்தா அவர்ட்ட எவன் வாயைத் தொறப்பான்? இங்கிலாந்து சர்ஜன் மிஸ்டர்ங்கிறான், ஜில் பைடன் வகுப்புக்குப் போறாங்க. வேலையைப் பாத்து வெட்கப்படாதவங்களுக்குத்தான் பட்டம் பேருல ஒட்டும்.

அதனால கேட்டுக்கோ. கலெக்டர் ஆபீசுல, கல்வி அதிகாரி கூட்டத்துல, பாடப் புத்தகக் கமிட்டியில, எங்கெல்லாம் ஆம்பளைகளை "ஐயா, டாக்டர்"ன்னுட்டு ஒன்னை மட்டும் "ஏம்மா, நீங்க கொஞ்சம் இருங்க"ன்னு சொல்லுதானோ, அங்கெல்லாம் தவறாமப் போடு. தடிச்ச எழுத்துல போடு. அடுத்த கல்யாணப் பத்திரிகை அச்சுக்குப் போறதுக்கு முன்னால ஒன் மாப்பிள்ளையை என்ட்ட அனுப்பு, நானே பேசுதேன். ஆஸ்பத்திரியில டோக்கன் கொடுக்குத பொண்ணுட்ட டாக்டர்னு சொல்லி வரிசையைத் தாண்டாதே, அது திருட்டு. நோவுன்னு வாரவன்ட்ட ஒரே மூச்சுல "நான் வாத்தியார், ஆஸ்பத்திரி அந்தப் பக்கம்"னு சொல்லிரு, சொல்லும்போது குரல் இறங்கக் கூடாது. வகுப்புல பிள்ளைக டீச்சர், மிஸ்ஸு, அக்கா, எது வாயில வருதோ கூப்பிடட்டும். கணக்கு வந்தாச் சரி.

பணத்துக்காக வாங்கலைன்னு நீ சொன்னா நம்புதேன். மேல்படிப்புக்கு முன்னால ஊக்க ஊதிய உயர்வு இருந்துச்சு, 2020-ல அதை நிறுத்திட்டாங்க. 2021-ல பி.எச்.டி.க்கு ஒரே தடவையா 25,000 ரூபாய்னு அரசாணை போட்டாங்க. கிரானைட்டுக்கும் தங்க எழுத்துக்கும் பிரியாணிக்கும் கூட்டிப் பாத்தா, நீ கைக்காசு போட்டிருக்க. பலகையைக் கழட்டச் சொல்ல மாட்டேன், கொடுத்த காசு வீண். அடியில ஒரு வரி மட்டும் வெட்டச் சொல்லு, "கணக்கு வாத்தியார்"னு. கல்லு வேலைக்காரன்ட்ட நான் விலை பேசிட்டேன்.

கடைசியா ஒண்ணு. ஒன் ஆராய்ச்சி இங்கிலீசுல இருக்கு, பைண்டிங் பண்ணி நூலகத்து அலமாரியில நிக்குது, தூசி தட்ட மட்டும் ஆளு வருது. அதைத் தமிழ்ல பத்துப் பக்கத்துக்குச் சுருக்கி எழுது. பிள்ளைக கணக்குக்கு ஏன் பயப்படுதுக, பெத்தவங்க என்ன செய்யணும், வாத்தியார் என்ன செய்யக் கூடாது, அவ்வளவு போதும். "குறிப்பிடத்தக்க வேறுபாடு"ங்கிற வார்த்தை அதுல ஒரு தடவை கூட வரப்படாது. நான் டீக்கடையில உக்காந்து எல்லாரையும் படிக்க வைக்கேன். அதைப் படிச்சு நம்ம ஊர்ல ஒரே ஒரு பிள்ளைக்குக் கணக்குப் பயம் தெளிஞ்சுதுன்னா, ஒன்னை டாக்டர்னு தமுக்கடிச்சுச் சொல்லுத வேலையை நான் எடுத்துக்கிடுதேன். தெளியலைன்னாலும் நீ டாக்டர்தான், பல்கலைக்கழகம் கொடுத்ததை நான் பிடுங்க முடியாது. ஆனா தமுக்கடிக்க வேற ஆளைப் பாத்துக்கோ.